யூனிட்டுக்கு 8 ரூபாய்

2024 ஆடி மாதம், முதல் ஞாயிற்றுக்கிழமை. காயப்போட்ட மிளகாயைக் காற்று கொண்டுபோகாமல் இருக்க நான் அதன்மேல் பழைய சேலையை விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் எங்கள் லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கும் மூன்றாம் வீட்டு அக்காவின் மகன் வந்து வாசற்படிக்குக் கீழேயே நின்றான்.

"பெரிம்மா, பழைய எலக்ட்ரிக் வண்டி ஒண்ணு வருது. பிரண்டுதான் தர்றான். மில்லுக்குப் போய்ட்டு வர பெட்ரோலுக்கே வாரம் 400 ரூபா ஆயிருது. வண்டி எடுத்தா இங்க சார்ஜ் போட்டுக்கலாமா? எங்க மீட்டர்ல ஓடுறதுக்கு நாங்க குடுத்துடுறோம்."

"வேண்டாம் கண்ணு. சர்வீஸ் தாங்காது. அப்புறம் எல்லாத்துக்கும் சேத்தி பில்லு ஏறிரும்" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

"சரிங்க பெரிம்மா" என்று போய்விட்டான். முகம் சுளிக்கவில்லை, எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் நின்ற இடத்திலிருந்து தலையை நிமிர்த்தினால் எங்கள் மாடியில் ஆறு சோலார் பேனல்கள் தெரியும். அந்த வருடம் ஆனி மாதம்தான் மாட்டியிருந்தோம். அன்றைக்குப் பகல் முழுக்க அந்தப் பையனின் "சரிங்க" எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. இந்தக் கட்டுரையை எழுதவைத்ததும் அதுதான்.

எங்கள் வீடு திருப்பூரிலிருந்து பல்லடம் போகும் வழியில், அருள்புரத்துக்குக் கொஞ்சம் உள்ளே இருக்கிறது. முன்னால் நாங்கள் இருக்கும் மாடி வீடு. பின்னால் ஒரு காலத்தில் மாமாவின் தறிக்குடோன். எட்டுத் தறி ஓடியது. கூலியும் கட்டுப்படியாகாமல், நூல் விலையும் நிலையாக இல்லாமல், கடைசியில் தறிகளை எடைக்குப் போட்டுவிட்டு, குடோனைக் குறுக்கே மூன்று சுவர் வைத்து நாலு லைன் வீடாக ஆக்கினார். மேலே அதே பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பங்குனி, சித்திரையில் ராத்திரி 11 மணிக்கு அந்த வீட்டுக்குள் போனால் அடுப்பு மேல் கவிழ்த்த சட்டிக்குள் போன மாதிரி இருக்கும். பேன் நிற்கவே நிற்காது. நாலு வீட்டுக்கும் ஒரே ஈபி சர்வீஸ். வீட்டுக்கு ஒரு சப் மீட்டர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நான் டார்ச் அடித்து ரீடிங் பார்த்து நோட்டில் எழுதுவேன். யூனிட்டுக்கு 8 ரூபாய். முன்பு 6 ரூபாயாக இருந்தது. 2022 செப்டம்பரில் மின்கட்டணம் ஏறியபோது 8 ஆக்கினோம். சுற்றுவட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் வாங்குகிறார்கள். சில இடங்களில் 10 ரூபாய்கூட வாங்குவதாக வாடகைக்கு வருகிறவர்கள் சொல்வார்கள்.

அன்று ராத்திரி அந்த நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதே வாரம்தான் புதிய கட்டண அறிவிப்பும் வந்திருந்தது. இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500க்குள் இருந்தால் 101இலிருந்து 200 வரை யூனிட்டுக்கு 2.35, 400 வரை 4.70. 500 தாண்டினால் 101இலிருந்து 400 வரை முழுக்க 4.70. 401இலிருந்து 500 வரை 6.30. 501இலிருந்து 600 வரை 8.40. அதற்கு மேலே போகப் போக 9.45, 10.50 என்று ஏறி, 1000 தாண்டினால் 11.55.

என் நோட்டில் அந்த முறை இருந்தது இது: முதல் வீடு 210 யூனிட், இரண்டாம் வீடு 165, மூன்றாம் வீடு 140, கடைசி வீட்டில் தனியாக இருக்கும் அம்மா 85. மொத்தம் 600. புதிய விலைப்படி ஒரே சர்வீஸில் 600 ஓடினால் 2880 ரூபாய் வரும். 8 ரூபாய் வீதம் நான் வாங்குவது 4800. மீதி 1920. அது 'மோட்டாருக்கும் வாசல் லைட்டுக்கும்' என்று இத்தனை நாளும் மனதுக்குள் சொல்லிவைத்திருந்தேன். ஆனால் மோட்டாரும் வாசல் லைட்டும் எங்கள் வீட்டு சர்வீஸில் இருக்கிறது. இப்போது அந்த சர்வீஸ் சோலாரில் ஓடுகிறது.

அதோடு விட்டிருந்தாலும் ஒருவேளை தூங்கியிருப்பேன். இந்த நாலு வீட்டுக்கும் தனித்தனி சர்வீஸ் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடுத்த பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் 100 யூனிட் கழித்து, 200 வரை 2.35 என்று போட்டால் முதல் வீட்டுக்கு 282, இரண்டாவதுக்கு 153, மூன்றாவதுக்கு 94. கடைசி வீட்டு அம்மாவுக்கு ஒன்றுமே இல்லை. நாலு வீடும் சேர்த்து 529 ரூபாய்.

4800க்கும் 529க்கும் நடுவில் இருக்கும் பணம் வாரக்கூலியிலிருந்து வருகிறது. கடைசி வீட்டு அம்மா பனியன் பீஸுக்குப் பிசிறு வெட்டுகிறவர். மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டால், வாசலில் உட்கார்ந்து நூல் பிசிறை ஒவ்வொன்றாக வெட்டி எடுப்பார். ஒரு பீஸுக்குக் கிடைப்பது காசுக் கணக்கு. அவருக்கு அரசாங்கம் இலவசம் என்று கொடுத்த 85 யூனிட்டுக்கு நான் 680 ரூபாய் வாங்கியிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, வருடத்துக்கு ஆறு தடவை.

சோலார் போட்டது நல்ல காரியம் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. வாய்ப்பு இருக்கிறவர்கள் எல்லோரும் போடவேண்டும் என்றுதான் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்கிறேன். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவதுக்கு 18,000மும் மானியம். ஆக 3 கிலோவாட்டுக்கு 78,000. எங்களுக்கு எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. மானியம் அப்புறம்தான் வங்கிக் கணக்குக்கு வரும் என்பதால் முழுப் பணத்தையும் முதலில் புரட்ட வேண்டியிருந்தது. நல்ல வெயிலில் ஒரு கிலோவாட் நாளைக்கு 4 யூனிட் தரும், எங்களுக்கு 12 வருகிறது. பகலில் நாங்கள் செலவழிக்காதது ஈபி லைனுக்குப் போகும், ராத்திரி அங்கிருந்து எடுத்துக்கொள்வோம். மீட்டர் இரண்டையும் கழித்துக் கணக்குப் பார்க்கும். முன்பு இரண்டு மாதத்துக்கு 2000 ரூபாய் போல கட்டிக்கொண்டிருந்த வீட்டில் இப்போது பில் கட்டுவதையே மறந்துவிட்டோம்.

ஆனால் இதற்கு என்னவெல்லாம் வேண்டியிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். சொந்த வீடு வேண்டும். அதுவும் கான்கிரீட் மாடி வேண்டும், நிழல் விழாத 300 சதுர அடி இடம் வேண்டும். நம் பெயரில் சர்வீஸ் வேண்டும். கையில் பணமோ, வங்கியில் கடன் கொடுக்கிற அளவுக்கு மதிப்போ வேண்டும். லைன் வீட்டில் இருக்கிறவர்களுக்கு இதில் ஒன்றுகூட இல்லை. வெயில் மட்டும் இருக்கிறது, ஆஸ்பெஸ்டாஸ் வழியாக நேராகத் தலைமேல் இறங்குகிறது.

மாடியில் மிச்சமாகும் கரண்டை லைன் வீட்டு சர்வீஸில் கழித்துக்கொள்ள முடியுமா என்று ஈபி ஆபீஸில் கேட்டோம். எந்த சர்வீஸில் பேனல் இருக்கிறதோ அந்த சர்வீஸுக்குத்தான் கணக்கு என்றார்கள். தில்லியில் 2019இலேயே ஒரே இடத்தில் பேனல் வைத்துப் பல வீட்டு பில்லில் பங்குபோட்டுக் கழிக்க வழி செய்திருக்கிறார்கள். திருப்பூரைப் போல ஊர் முழுக்க லைன் வீடாக இருக்கிற இடத்துக்குத்தான் அது முதலில் வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுப்புக் கதையும் இதே மாதிரிதான். 2023 மார்ச்சில் வீட்டு சிலிண்டர் சென்னை விலையில் 1118.50க்குப் போனது ஞாபகம் இருக்கும். அந்த மாதங்களில் எங்கள் லைன் வீட்டுப் பின்பக்கம் பொடக்காளியில் மூன்று கல் அடுப்பு மறுபடி முளைத்தது. குளிக்கத் தண்ணீர் காயவைக்க, அரிசி வேகவைக்க என்று சீமைக்கருவேல முள்ளையும் தென்னமட்டையையும் எரித்தார்கள். பற்றவைக்கப் பனியன் வேஸ்ட். அந்தத் துணி எரிகிற வாடை தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். முதல் வீட்டுச் சின்னப் பெண் இருமிக்கொண்டே பள்ளிக்கூடம் போனாள். அந்த ஆகஸ்ட் கடைசியில் 200 ரூபாய் குறைத்தார்கள், 2024 மார்ச்சில் இன்னொரு 100 குறைந்து 818.50 ஆனது. 2025 ஏப்ரலில் மறுபடி 50 ஏறியது. நமக்குத் தேவையான சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது, பெரும்பாலும் அரபு நாடுகளிலிருந்து. சவூதி நிறுவனம் மாதாமாதம் அறிவிக்கிற விலையைப் பார்த்துத்தான் இங்கே கணக்குப் போடுகிறார்கள். அருள்புரத்துக்குப் பின்னால் ஒரு பொடக்காளியில் கல் அடுப்பு எரிவதும் அணைவதும் எங்கேயோ தீர்மானமாகிறது.

நான் இண்டக்சன் அடுப்புக்கு மாறினேன். முழுக்க இல்லை, பருப்பு, சோறு, பால், வெந்நீர் எல்லாம் அதில். தோசைக்கும் தாளிப்புக்கும் கேஸ். ஒரு சிலிண்டரில் ஆகிற சமையலை இண்டக்சனில் செய்தால் தோராயமாக 120, 130 யூனிட் ஆகும். யூனிட் 4.70 என்றால் 600 ரூபாய் போல, சிலிண்டரைவிட மலிவு. சோலார் வைத்திருக்கும் எனக்குக் கிட்டத்தட்ட சும்மா. இதே அடுப்பை மூன்றாம் வீட்டு அக்கா வாங்கினால்? 8 ரூபாய் வீதம் 1000 ரூபாய். சிலிண்டரே தேவலை. அந்த அக்கா ஒருமுறை என் அடுப்பைத் தொட்டுப் பார்த்து, "இது நல்லா இருக்கேக்கா, எவ்வளவு?" என்று கேட்டார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். வீட்டுக்காரி என்பதால் என்னை அக்கா என்பார், நானும் அவரை அக்கா என்பேன். 2000 ரூபாய்க்குள் கிடைக்கும் என்றேன். "அடுப்பு வாங்கிரலாம், கரண்டுக்கு எங்க போறது" என்று சிரித்துவிட்டுப் போனார். அந்தக் கரண்டுக்கு விலை வைத்திருப்பது நான்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

உடுமலைப் பக்கம் பூளவாடியில் எங்கள் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, தோட்டம். சின்ன வயதில் விடுமுறைக்கு அங்கே போவோம். சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, பக்கத்தில் சாண எரிவாயுக் கலன் இருந்தது. கோபர் கேஸ் என்போம். வட்டமான கிணறு மாதிரிக் கட்டி, மேலே இரும்பு டிரம் கவிழ்த்திருக்கும். கேஸ் சேரச் சேர டிரம் மெல்ல மேலே எழும். விடிகாலையில் அது எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் முதல் வேலை. உயர்ந்திருந்தால் அன்றைக்குக் காப்பி சீக்கிரம் கிடைக்கும். அம்மிச்சி, அம்மாவின் அம்மா, கட்டுத்தறியிலிருந்து சாணத்தை அள்ளிவந்து, தொட்டியில் தண்ணீர் ஊற்றி, முழங்கை வரை கைவிட்டுக் கட்டி இல்லாமல் கரைப்பார். வைக்கோலோ கல்லோ இருந்தால் பொறுக்கி எறிவார். ஒரு கன மீட்டர் கேஸுக்கு 25 கிலோ சாணம் வேண்டும். ஒரு குடும்பத்துக்கு நாலைந்து உருப்படி மாடாவது கட்டுத்தறியில் நிற்க வேண்டும். நீலமாக, சத்தமே இல்லாமல் எரியும். எந்த நாட்டுக்காரரும் அந்த நெருப்புக்கு விலை சொல்ல முடியாது.

அதைப் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். தினமும் விடிகாலையில் அந்தக் குளிரில் சாணம் கரைத்தது அம்மிச்சி மட்டும்தான். அப்புச்சியோ மாமன்களோ ஒருநாள்கூடத் தொட்டதில்லை. மாடு குறைந்தது, டிரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது, சிலிண்டர் வந்தது. சிலிண்டர் வந்த அன்று அம்மிச்சி அதற்குக் குங்குமம் வைத்தார். அவர் கைக்கு அது விடுதலை. எரிபொருள் மாறவேண்டும் என்று பேசுகிறபோதெல்லாம் எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வரும். மாற்றம் யாருடைய வேலையைக் குறைக்கிறது, யாருடைய செலவைக் கூட்டுகிறது என்று பார்க்காமல் எப்படிப் பேசுவது?

அதே தோட்டத்தைச் சுற்றி இப்போது காற்றாலைகள். ஊரில் காத்தாடி என்றுதான் சொல்வார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகாத்து, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, வைகாசியில் தொடங்கி புரட்டாசி வரை அடிக்கும். பல்லடம், கேத்தனூர், குடிமங்கலம், பூளவாடி என்று அந்தக் காற்று வரும் வழி நெடுக காத்தாடி நிற்கிறது. ஆடியில் எங்கள் மாடிப் பேனல் மேகமூட்டத்தில் 12 யூனிட்டுக்குப் பதில் 7, 8 தான் தரும். அதே நேரம் பூளவாடியில் இறக்கை நிற்காமல் சுற்றும். வெயில் குறைகிற மாதத்தில் காற்று. இந்த மண்ணுக்கு அமைந்த அமைப்பு எனக்கு எப்போதுமே ஆச்சரியம்தான். காத்தாடிகளில் நிறைய பஞ்சாலைக்காரர்கள் போட்டவை. உற்பத்தியாகும் மின்சாரத்தைத் தங்கள் மில் பில்லில் கழித்துக்கொள்வார்கள். பழைய தலைமுறை மில்களும் இப்படித்தான் எழுந்தன. 1932இல் நீலகிரி பைக்காராவிலிருந்து நீர்மின்சாரம் வந்தபிறகுதான் கோவையில் மில்கள் வரிசையாக வந்தன. மலிவான கரண்ட் யார் கைக்கு முதலில் போகிறதோ அவர்கள் கை ஓங்குகிறது.

இந்தப் பக்கத்தில் மின்கட்டணம் என்பது உயிர் போன விஷயம். 1970 ஜூனில் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் செத்தார்கள். யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்கச் சொல்லிப் போராடியவர்கள். 1972இல் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு காலத்துப் போராட்டத்தில் மாட்டு வண்டிகளைக் கோவைக்குள் ஓட்டிப்போய் ரோட்டை அடைத்தார்கள். அப்புச்சியும் வண்டி பூட்டிக்கொண்டு போனவர். ஊத்துக்குளி வெண்ணெய் வாங்கி வந்த கதை மாதிரி அதைச் சாதாரணமாகச் சொல்வார்: "போனோம், நிறுத்தினோம், காளைக்குத் தண்ணி காட்டினோம், வந்தோம்." 1990இல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தது. விசைத்தறிக்காரர்களும் கேட்டுக் கேட்டுத்தான் இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவசம் 2023இல் 1000 ஆனது. சிறுதொழில்காரர்கள் நிலைக்கட்டணத்தை எதிர்த்து அதே 2023 செப்டம்பரில் ஒருநாள் கதவடைத்தார்கள்.

லைன் வீட்டில் இருக்கிறவர்கள் எதை வைத்து ரோட்டை அடைப்பார்கள்? உசிலம்பட்டியிலிருந்தும் தேனியிலிருந்தும், இப்போது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். போராட வேண்டுமென்றாலும் கையில் ஒரு பில்லாவது இருக்கவேண்டும். அவர்கள் கையில் இருப்பது நான் பால்பாயிண்ட் பேனாவில் எழுதிக் கிழித்துக்கொடுக்கிற துண்டுச் சீட்டு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. காங்கேயம், தாராபுரம் பக்கம் போனால் காட்டுக்கு மேலே உயர்மின் கோபுரங்கள் தெரியும். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் புகளூருக்கு 800 கிலோவோல்ட்டில் 6000 மெகாவாட் கொண்டுவரும் தடம் ஒன்று இந்தப் பக்கம் வருகிறது. அங்கே நிலக்கரியில் எரிந்த கரண்ட் இங்கே வரும். காற்று மிஞ்சுகிற காலத்தில் இங்கிருந்து வடக்கேயும் அனுப்பலாம். தேவையானதுதான். ஆனால் தென்னந்தோப்புக்கு நடுவில் கோபுரம் வந்த விவசாயிகள் அதற்காக உண்ணாவிரதம் இருந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். நிலக்கரியை விட்டு வெளியே வரவேண்டும், சீக்கிரம் வரவேண்டும் என்று மனதார விரும்புகிறவள் நான். மேட்டூர் அனல்மின் நிலையத்துப் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இரண்டு நாள் தங்கினாலே போதும், காயப்போட்ட வெள்ளைத் துணியில் சாம்பல் தெரியும். பொழுதோட விளக்கு ஏற்றுகிற நேரத்தில் என் பேனல் தூங்கிவிடும். என் வீட்டு பேனும் அந்த நேரத்தில் அந்த நிலக்கரியில்தான் சுற்றுகிறது. அதனால்தான் செலவை யார் தோளில் வைக்கிறோம் என்பதில் ஏமாற்று இருக்கக்கூடாது என்கிறேன். தோள் இருக்கிறவன் மேலே வைத்தால் சாமான் நகரும். இல்லாதவன்மேல் வைத்தால் அவன் கல் அடுப்புக்குத்தான் திரும்பிப் போவான்.

மறுநாள் வீட்டில் பேசினேன். வீட்டுக்காரர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "மூணு வருசமா வாடகை ஏத்துல. அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சு" என்றார். அதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். அப்படியானால் வாடகையை வாடகையாகக் கேட்போம், கரண்டில் ஒளித்து வாங்க வேண்டாம் என்றேன். அதிகமாகக் கரண்ட் ஓட்டுகிறவர் அதிக வாடகை கொடுத்ததாகத்தானே ஆகிறது? கைக்குழந்தை இருக்கிற வீட்டில் பேன் அதிகம் ஓடும். அதற்காக அவர்கள் கூடுதல் வாடகை கொடுக்க வேண்டுமா?

அத்தைக்குப் பயம் வேறு. 2022 கடைசியில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னபோது, குடியிருப்பவர் ஆதார் ஏறினால் வீடே கைவிட்டுப் போகும், ஒருவர் பெயரில் நாலு சர்வீஸ் இருந்தால் 100 யூனிட்டைப் பிடுங்கிவிடுவார்கள் என்றெல்லாம் ஊரெல்லாம் பேச்சு. தனி சர்வீஸ் வாங்காமல் தள்ளிப்போட்டதற்கு அதுவும் ஒரு காரணம். "அதொண்ணும் ஆகுலீங்த்தை. ஒரே ஆதார்ல எத்தனை சர்வீஸ் வேணாலும் சேத்தலாம்னு அப்பவே சொல்லிட்டாங்க. நூறு யூனிட்டும் அப்படியேதான் இருக்குது" என்று இரண்டு நாள் விளக்கினேன். மூன்றாம் நாள் அத்தையே, "பிசிறு வெட்டறவகிட்ட வாங்கித்தான் நாம திங்கோணுமாக்கும்? எழுதிப் போடு கண்ணு" என்றார்.

ஆவணியில் மூன்று புதிய சர்வீஸுக்கு எழுதிப் போட்டோம், பழையது முதல் வீட்டுக்கு. ஒயரிங்கைத் தனித்தனியாகப் பிரிக்க ஆளைப் பிடித்ததும், குடோன் காலத்து பழைய ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கியபோது பாதிச் சாந்து பெயர்ந்ததும், மீட்டர் வரக் காத்திருந்ததும் தனிக் கதை. தை மாதம்தான் வந்தது. அதுவரை உண்மையான பில்லை யூனிட்டால் வகுத்து வாங்கினேன். முதல் தடவை 4.80 வந்தது. சீட்டில் அதை எழுதிக் கொடுத்தபோது மூன்றாம் வீட்டு அக்கா இரண்டு தடவை படித்துவிட்டு, "தப்பாப் போட்டுட்டீங்க போலக்கா" என்றார். ஈபி பில்லைக் காட்டினேன். சப் மீட்டரைப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டார். "இனி நானும் ஒரு நோட்டுப் போட்டுக்கறேன்க்கா" என்றார். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

வண்டி அந்த ஆவணியிலேயே வந்தது. பையன் மில்லில் நைட் ஷிப்ட். காலை எட்டு மணிக்கு வந்து தூங்குவான். பகலில்தான் எங்கள் பேனல் வேலை செய்கிறது, பகலில்தான் அவன் வண்டி சும்மா நிற்கிறது. எங்கள் போர்ட்டிகோவில் விடச் சொன்னேன். 100 கிலோமீட்டருக்கு 3, 4 யூனிட்தான் இழுக்கிறது. மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்புகிற நேரம் தவிர மற்ற நேரம் செருகிக்கொள் என்று சொல்லியிருக்கிறேன். காசு வாங்குவதில்லை. அவனும் சும்மா இருப்பதில்லை. மாதம் இரண்டு தடவை மாடிக்கு ஏறிப் பேனலைக் கழுவித் துடைத்துவிடுகிறான். குடோன் ஊர் இது, பஞ்சுத் தூசியும் ரோட்டுப் புழுதியும் சேர்ந்தால் நாலைந்து நாளிலேயே பேனல் மேல் படலமாகப் படிந்துவிடும்.

பங்குனியில் தனி மீட்டரில் முதல் ரீடிங் எடுத்துப் போனார்கள். இரண்டு நாள் கழித்துப் பொழுதோட கடைசி வீட்டு அம்மா வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து 700 ரூபாயை எடுத்து நீட்டினார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவர் எடுத்து வைத்து வைத்துப் பழகிய தொகை. 500 ஒன்று, 100 இரண்டு, நாலாக மடித்தது.

"உங்களுக்கு எவ்வளவு வந்திருக்குன்னு போன்ல பாத்தீங்ளா?" என்று கேட்டேன்.

"மெசேஜு என்னமோ வந்துச்சு சாமி. எனக்கெங்க அதெல்லாம் தெரியுது."

போனை வாங்கிப் பார்த்தேன். 88 யூனிட். கட்டவேண்டிய தொகை 0.

"ஒண்ணுமில்லீங்கம்மா. கட்ட வேண்டியதில்லை."

அவர் நம்பவில்லை. போனை என் கையிலிருந்து வாங்கி, கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய், அந்த ஒற்றைச் சுழியை விரலால் தடவிப் பார்த்தார். பணத்தை இன்னும் நீட்டிக்கொண்டுதான் இருந்தார்.